போர்ட் பிளேர் இடுகாடுகள் புகட்டும் பாடம்



ஒரு சிறு சமூகம் ஓர் ஊரில் வேரூன்றியுள்ளதா என்று அறிய விரும்புவோர் மூன்று இடங்களைப் பார்த்தல் வேண்டும். ஒன்று, அச்சமூகம் கூடும் மண்டபம். மற்றொன்று, அதன் பிள்ளைகள் பயிலும் பள்ளி. மூன்றாவது, அதன் இறந்தோர் துயிலும் நிலம். முதலிரண்டைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவற்றிற்காக நிதி திரட்டுகின்றோம். மூன்றாவதைப் பற்றிய பேச்சோ, வீட்டில் சாவு நேர்ந்த அன்று மட்டுமே எழுகின்றது. எங்கே அடக்கம் செய்வது, யாரிடம் இசைவு கேட்பது என்று பதைக்கின்றோம். காரியம் முடிந்ததும் அப்பதைப்பு அடங்கிவிடுகின்றது.

இடுகாடு எதனால் நிலைபெறுகின்றது, எதனால் அழிகின்றது என்பதே இன்றைய பாடம். இதனைக் கற்பதற்கு அந்தமான் தலைநகரைப் போல் ஏற்ற இடம் வேறில்லை. கல் நிறுத்தப்பட்டும் கைவிடப்பட்ட கல்லறைகள் அங்கு உண்டு. கல்லே இல்லாமல் மறைந்த ஆயிரமாயிரம் பேரும் அம்மண்ணில் உண்டு. காவலர் எவரையும் அரசு நியமியாதபோதும் மக்களே போற்றிக் காத்த அடக்கத்தலமும் உண்டு.

இடமும் தொடக்கமும்

நாம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கிய நகருக்கு 2024 செப்டம்பரில் இந்திய அரசு சிறீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றியது. அதன் துறைமுகம் பல சிறு குடாக்களாகப் பிரிந்து நிலத்துள் புகுந்து கிடக்கின்றது. ஃபீனிக்ஸ் பே, ஹேடோ, ஜங்கிளிகாட், மின்னி பே என்பன அக்கரையில் அமைந்த பகுதிகளின் பெயர்கள். துறைமுகத்தின் உட்புறத்தில் சாத்தம், வைப்பர் என்னும் தீவுகளும், அதன் வாயிலில் ராஸ் தீவும் உள்ளன. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர். ஆதலின் அம்மண்ணின் வரலாற்றை அயலார் வரலாறு என்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

அங்கு முதற் குடியேற்றத்தை 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்பவர் சாத்தம் தீவில் அமைத்தார். அக்குடியேற்றம் 1792-இல் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் மிகுந்தமையால் 1796-இல் அடியோடு கைவிடப்பட்டது. பின்னர் 1857-இன் பெரும் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், சிறைப்பட்டோரைக் கடல் கடத்த இடம் தேடினர். 1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் அங்கு வந்து இறங்கினார். சாத்தத்தில் குடிநீர் போதாமையால் ராஸ் தீவு தலைமையிடம் ஆயிற்று.

மூன்று திங்களுக்குள் நேர்ந்தவற்றை அவ்வாட்சியின் கணக்கே கூறுகின்றது. 1858 ஜூன் நடுப்பகுதி வரை கொண்டுவரப்பட்ட கைதிகள் 773 பேர். மருத்துவமனையில் இறந்தோர் 64. தப்பியோடி மீண்டும் அகப்படாதோர் 140; அவர்களுள் பெரும்பாலோர் காட்டிலேயே மாண்டிருத்தல் வேண்டும். தப்ப முயன்றமைக்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87. தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர். எஞ்சியோர் 481. கூட்டிக் கழித்தால் ஒரு தலையும் குறையாமல் கணக்குச் சரியாக வருகின்றது. ஆயினும் அந்த 292 பேருள் யார் எந்த மரத்தடியில் கிடக்கின்றார் என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. எண்ணி வைத்தல் வேறு, நினைவில் வைத்தல் வேறு என்பதை இங்கேயே மனத்தில் இருத்துக.

அம்மண்ணின் முதற்குடிகளையும் மறத்தலாகாது. பெரிய அந்தமானியர் எனப்படும் பழங்குடியினர் 1859 மே திங்களில் அபர்தீனில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தனர். இவர்கள் இறந்தோரைப் புதைத்துச் சிலகாலம் சென்றபின் எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து, அணிகலனாகப் பூண்டு நினைவைப் போற்றும் வழக்கமுடையோர். கணவனின் மண்டையோட்டைக் கைம்பெண் தோளில் சுமந்ததும் உண்டு. இறந்தோரைத் தம் உடலிலேயே ஏந்திய அக்குடி, புதிதாக வந்த நோய்களால் தேய்ந்தது. குடியேற்றத் தொடக்கத்தில் சில ஆயிரம் பேராக இருந்தோர் 1901-இல் 625 பேராயினர். 1961-இல் 19 பேரே எஞ்சினர். நினைப்போர் அற்றுப்போனால் நினைவு தங்குதற்கு இடம் ஏது? அபர்தீனில் வீழ்ந்தோர்க்கு இன்று அந்நகரில் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அதனை எழுப்பியோர் பிறரே.

ராஸ் தீவுக் கல்லறைகள்

ராஸ் தீவு பரப்பில் மிகச் சிறியது. ஒரு சதுரக் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்களவே. ஆயினும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் அந்தமானை ஆண்ட தலைமையிடம் அதுவே. தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், அதிகாரிகள் மன்றம், ரொட்டிச் சாலை, அச்சகம், மருத்துவமனை முதலியன அங்கு இருந்தன. ஆளும் இனத்தாரின் சிறு சமூகம் அங்கே வாழ்ந்தது. காய்ச்சலாலும் பிற நோய்களாலும் மாய்ந்தது. அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் படைவீரரும் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்க்குக் கல் நிறுத்தி, பெயரும் நாளும் பொறித்தனர்.

அக்கற்களை நிறுத்தியோர் தம் ஆட்சி என்றும் நிலைக்கும் என எண்ணியிருப்பர். 1941 ஜூன் 26-ஆம் நாள் அந்தமானில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது; ராஸ் தீவின் கட்டடங்கள் சிதைந்தன; தலைமையிடம் எதிர்க்கரைக்கு மாறியது. 1942 மார்ச்சு 23-இல் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பின்னும் ராஸ் தீவு பழைய நிலையை எய்தவில்லை. ஆல், அத்தி முதலியவற்றின் வேர்கள் சுவர்களைப் பற்றிப் பிளந்தன. 1979 முதல் அத்தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் இருந்து வருகின்றது. 2018 டிசம்பரில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயரிடப்பட்டது.

இன்று அங்குச் செல்வோர் தேவாலயத்தின் இடிந்த சுவரையும், மரநிழலில் கிடக்கும் கல்லறைகளையும் காண்கின்றனர். படம் எடுத்துக்கொள்கின்றனர், மான்களுக்குத் தீனி கொடுக்கின்றனர், அடுத்த படகில் திரும்புகின்றனர். கல்லறைக்குரியவர் யாவர், அவர்தம் வழியினர் எங்குள்ளனர் என்று கேட்போர் அரியர். உயர்ந்த கல்லும் செதுக்கிய எழுத்தும் பொருளும் அதிகாரமும் உடைய சமூகம் தன் இறந்தோர்க்கு அளித்தவை. அச்சமூகம் கப்பலேறிச் சென்றபின் கல் மட்டும் எஞ்சியது. அதனைக் கேட்பாரில்லை.

கழுத்துச் சீட்டு

இனி எதிர்ப்பக்கத்தைக் காண்போம். 1858 முதல் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 80,000 பேர் என வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், பர்மாவிலிருந்தும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவர் கழுத்திலும் மரச்சீட்டு ஒன்று தொங்கியது. கைதியின் எண், தண்டனை, விடுதலைக்குரிய நாள் ஆகியன அதிற் பொறிக்கப்பட்டன. தாய் தந்தையர் இட்ட பெயர் பின்னே சென்றது. எண் முன்னே நின்றது. அவர்களே காடு வெட்டினர், சதுப்பைத் தூர்த்து மேடாக்கினர், சாலையிட்டனர். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலர் சிறையும் அவர்தம் உழைப்பால் எழுந்ததே. அங்கேயே மாண்டோருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

சாவிலும் இருந்த இவ்வேற்றுமைக்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1872 பிப்ரவரி 8-இல் இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு, ஹோப் டவுன் துறையில் ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். மேயோவின் உடல் கல்கத்தாவுக்கும், அங்கிருந்து அவருடைய தாயகமான அயர்லாந்துக்கும் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஷேர் அலி மார்ச்சுத் திங்களில் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். ஒருவர் உடல் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து சொந்த ஊர் சேர்ந்தது. மற்றவர் உடல் அத்தீவுகளைக் கடக்கவில்லை. கொலையை நாம் போற்றவில்லை. இறந்தபின் ஒருவர்க்குக் கிடைக்கும் நிலமும் பெயரும் அவர் சமூகத்தின் நிலைக்கு ஏற்பவே கிடைத்தன என்பதைச் சுட்டுகின்றோம்.

1933-இல் செல்லுலர் சிறையில் அரசியற் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்களுக்கு வலிந்து உணவூட்ட முற்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் அம்மே திங்களிலேயே உயிர் நீத்தனர். அவர்தம் உடல்கள் கடலில் இடப்பட்டன. இடுகாடு என்ற ஒன்று வாயாமலேயே செய்யப்பட்ட செயல் அது. ஆயினும் உடன் இருந்தோர் அப்பெயர்களை மறக்கவில்லை. தாயகம் திரும்பியதும் பேசினர், எழுதினர். அதனால் இன்று சிறையின் எதிரே உள்ள பூங்காவில் அம்மூவர்க்கும் சிலைகள் நிற்கின்றன. 1944 ஜனவரி 30-இல் ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியரால் சுட்டுக்கொல்லப்பட்டுக் குழியில் இடப்பட்ட 44 பேர்க்கும் அவ்விடத்திலேயே நினைவுச்சின்னம் எழுந்துள்ளது. பெயரைக் காத்தவர் இருந்தால் இடத்தைப் பின்னரும் மீட்கலாம் என்பதற்கு இவை சான்று.

மக்கள் காத்த நினைவு

அரசின் ஆதரவின்றி நிலைத்த அடக்கத்தலம் ஒன்றையும் அந்நகரிற் காண்கின்றோம். 1857-இன் கிளர்ச்சிக்குத் துணைநின்றார் என்ற குற்றத்தின்மேல் நாடுகடத்தப்பட்ட அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி, 1861-இல் அந்தமானில் காலமானார். கிளர்ச்சியின் வரலாற்றை அவர் அங்கிருந்தே அரபு மொழியில் எழுதினார். அந்நூல் தாயகம் வந்து சேர்ந்தது. சவுத் பாயின்ட் பக்கத்தில் உள்ள அவர் அடக்கத்தலத்திற்கு மக்கள் இன்றும் சென்று வணங்குகின்றனர். கைதியாக இறந்தவர்க்கு அவரைச் சிறைவைத்த ஆட்சி மண்டபம் கட்டித் தருமோ? தலைமுறை தலைமுறையாகச் சென்றவர்களின் காலடியே அவ்விடத்தைக் காத்தது.

பர்மியப் பௌத்தர்களும் ஒரு சுவட்டை விட்டுச் சென்றுள்ளனர். அந்நகரின் ஒரு பகுதி ‘போங்கி சாங்’ என வழங்குகின்றது. பர்மிய மொழியில் துறவியின் மடம் என்பது அதன் பொருள். அங்கு வாழ்வோருள் பலர்க்கு இச்சொல்லின் பொருள் தெரியாதிருக்கலாம். ஆயினும் நாள்தோறும் அஞ்சற்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் அப்பெயரைச் சொல்லுகின்றனர். சிறு சமூகம் ஒன்று அங்கு வாழ்ந்தது, வழிபட்டது, மாண்டது என்பதற்கு ஓர் இடப்பெயரும் பட்டயம் போல் நிற்கின்றது.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. தில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபர், 1862 நவம்பர் 7-இல் இரங்கூனில் இறந்தார். அவரது புதைகுழி எதிர்காலத்தில் மக்கள் கூடும் இடமாகிவிடலாகாது என்று கருதிய ஆங்கிலேயர், அன்றே உடலை அடக்கம் செய்து, நிலத்தைச் சமன்செய்து, புல் வளர விட்டனர். சில ஆண்டுகளில் அடையாளம் மறைந்தது. ஆனால் இரங்கூன் மக்கள் அவ்விடம் ஏறத்தாழ இதுவே என்று மறவாது போற்றி வந்தனர். 1991-இல் அங்கு வடிகாலுக்காகத் தோண்டியபோது செங்கற் கட்டடத்துடன் கூடிய உண்மைக் குழியே வெளிப்பட்டது. 129 ஆண்டுகள் மண்ணுள் மறைந்திருந்ததை மக்கள் நினைவே காட்டிக்கொடுத்தது.

ஓர் ஐயமும் விடையும்

உடல் நிலையாதது என்று கற்ற நாம், உடலை இட்ட இடத்தை ஏன் பேணுதல் வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. சதிபட்டான சூத்திரம் சுடலையில் சிதையும் உடலை ஒன்பது நிலைகளில் வைத்துச் சிந்திக்கக் கற்பிக்கின்றது. பற்றை அறுப்பதே அதன் நோக்கம். ஆயினும் அதே மரபில், புத்தர் பெருமானின் உடலெச்சங்கள் எட்டுப் பங்காகப் பகுக்கப்பட்டுத் தூபிகளில் வைக்கப்பட்டன என்று மகாபரிநிர்வாண சூத்திரம் கூறுகின்றது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. பிணத்தின்மேல் பற்றுக்கொள்ளல் அறியாமை. நமக்கு நன்மை செய்தோரை நினைத்தல் நன்றியறிதல். சிறு சமூகத்திற்கு இந்நன்றியறிதல் இன்னும் இன்றியமையாதது. பெருஞ்சமூகத்தின் முன்னோரை நூல்களும் தெருப்பெயர்களும் நினைவூட்டும். நம்முடைய முன்னோரை நாமே நினைவூட்டிக்கொள்ளல் வேண்டும்.

தமிழர்க்கு இது புதிதும் அன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள் முதலாக வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கின்றது. அவற்றுள் நடுதல் என்பது ஒரு நிலையே. கல் நட்டபின்னும் வாழ்த்தல் என்று ஒன்று உண்டு. ராஸ் தீவுக் கல்லறைகளில் இல்லாதது இவ்வாழ்த்தலே.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை வைத்து நோக்கின், இடுகாட்டைக் காப்பவை மூன்று எனத் தெளியலாம்: உரிமையுள்ள நிலம், எழுதிவைத்த பெயர், சென்றுவரும் மக்கள். இம்மூன்றையும் காக்கச் செய்யத்தக்கவை பின்வருமாறு.

முதலாவது, நிலம். உங்கள் ஊரில் நம்மவர்க்குரிய அடக்க நிலம் எது, அதன் சர்வே எண் யாது, பரப்பளவு எவ்வளவு, வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பவற்றை எழுத்தில் பெறுக. மயானப் புறம்போக்கு என்று பதிவாகியுள்ளதா, பட்டா நிலமா, வாய்மொழி இசைவு மட்டுமா என்பது தெரிதல் வேண்டும். ‘பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் புதைக்கின்றோம்’ என்ற சொல், சாலை வரும்போதும் கட்டடம் வரும்போதும் போதாது. எல்லைக்கற்களை ஆண்டுதோறும் பார்த்துவருக.

இரண்டாவது, பதிவேடு. இறந்தவர் பெயர், பெற்றோர் அல்லது துணைவர் பெயர், பிறந்த ஊர், தொழில், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த வரிசையும் இடமும் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பெண்களையும் குழந்தைகளையும் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் குழந்தை’ என்று மட்டும் எழுதாது, அவர்தம் சொந்தப் பெயரையே முதலில் எழுதுக. கழுத்துச் சீட்டின் கதையை நாம் திரும்ப நிகழ்த்தலாகாது. அரசிடம் இறப்பைப் பதிதலும் மறவற்க. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, படி. பதிவேட்டின் படியொன்றை வேறோர் இடத்தில் வைத்திருங்கள். 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் கரை தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. நிலமே தாழக்கூடுமாயின், ஒரே அலமாரியில் உள்ள ஒரே ஏட்டை நம்பியிருத்தல் தகுமோ?

நான்காவது, பழைய கற்கள். எழுத்து மங்குமுன் அவற்றிலுள்ளதைப் பார்த்து எழுதிக்கொள்க. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் நிழற்படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அமிலம் ஊற்றியோ கம்பித் துரிகையால் தேய்த்தோ கல்லைக் கழுவுதல் கூடாது. உள்ள எழுத்தும் போய்விடும். கல்லற்ற குழிகள் எவருடையவை என்று முதியோரிடம் இப்பொழுதே கேட்டறிக. ஒரு முதியவர் மறையும்போது பல குழிகளின் பெயர்கள் உடன் மறைகின்றன.

ஐந்தாவது, சென்றுவருதல். ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, குழந்தைகளுடன் சென்று, புல் செதுக்கி, பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒருமுறை உரக்கப் படியுங்கள். பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மண்வெட்டியும் குறிப்பேடும் போதும். பெயர்களைக் கேட்டு வளரும் பிள்ளை, அந்நிலம் யாருடையது என்று எவரேனும் கேட்கும் நாளில் விடை சொல்லும்.

ஆய்வு வினாக்கள்

1. 1858-ஆம் ஆண்டுக் கைதிகள் கணக்கில் உள்ளவை எவை? இல்லாதவை எவை?

2. ராஸ் தீவுக் கல்லறைகளில் கல் இருந்தும் நினைவு நில்லாமைக்குக் காரணம் யாது?

3. கைராபாதியின் அடக்கத்தலத்தையும் பகதூர் ஷாவின் புதைகுழியையும் காத்தது எது?

4. உடற்பற்றுக்கும் நன்றியறிதலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் கூறுக.

5. உங்கள் ஊர் இடுகாட்டின் சர்வே எண் யாது? அங்கு அடக்கமானோருள் எத்தனை பேரின் பெயரை உங்களால் சொல்ல இயலும்? அடுத்த கூட்டத்திற்கு வருமுன் எழுதிவருக.